மாமியார் கத்தாத காலை

துறையூரைத் தாண்டியதிலிருந்து மாமியார் ஒரு சத்தம் போடவில்லை. போடாதது நல்லதுதான் என்று பெரியண்ணன் நினைத்துக்கொண்டார். நினைத்த கையோடு, நல்லதுதானா என்றும் நினைத்தார். மாமியார் என்றால் அவருடைய மாமியார் இல்லை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, இருந்தவரைக்கும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. இது ஸ்டீரிங்குக்கு முன்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சோப்பு டப்பா அளவுப் பெட்டி. பஸ்ஸின் வலது பக்கம், வெளிக் கண்ணாடிக்கு மேலே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு கேமரா. பின்னால் வருகிற வண்டி முந்துவதற்காக வலது பக்கம் ஏறினால் அது பார்த்துவிடும், பார்த்ததும் இந்தப் பெட்டி கீ கீ என்று கத்தும், சிவப்பாக மினுக்கும், அந்த வண்டி தாண்டிப் போகும்வரை ஓயாது. கண்டக்டர் ஜெயபால் முதல் நாளே பேர் வைத்துவிட்டான். "எதுக்கெடுத்தாலும் ஒரு குத்தம் சொல்லுது பாருங்கண்ணே, மாமியா மாதிரி." பேர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு விஜயதசமி, லீவு நாள், ரோட்டில் வண்டி குறைச்சல், அதனால்தான் மாமியாருக்கு வேலை இல்லை. அப்படித்தான் இருக்கும். ஆனால் லீவு நாளென்றால் கோயிலுக்குப் போகிறவர்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களே, திருச்சி ரோட்டில் லீவு நாளில்தானே வண்டி அதிகம்? சரி, காலையில் எல்லாரும் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருப்பார்கள், பதினோரு மணிக்கு மேல்தான் கிளம்புவார்கள். பஸ்ஸின் முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்றின் இலை காற்றில் கிழிந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தது. உள்ளே நேற்றைய சந்தனமும் ஊதுபத்தியும் இன்னும் மணந்தன. எந்தப் பயணியோ தின்ற பொரி காலடியில் நொறுங்கிக் கிடந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பச்சை எரிகிறது, அப்புறம் என்ன, பேசாமல் ஓட்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொன்னாலும் பயமாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளைக் கார் எங்கிருந்து வந்தது? முன்னால் ஒரு வெள்ளைக் கார் போகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது இல்லை. முன்னால் ஒரு மொபெட், அதற்கும் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அவ்வளவுதான் இருந்தது, இப்போது நடுவில் கார். முந்திக்கொண்டு வந்திருந்தால் மாமியார் கத்தியிருக்கும். கத்தவில்லை, ஆகையால் முந்தவில்லை. முந்தவில்லை என்றால் கரட்டாம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிளை ரோட்டிலிருந்து ஏறியிருக்கும். ஏறும்போது நான் பார்க்கவில்லையா? டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வைக்கோலைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான், எந்த நேரம் சரியுமோ என்று கண் அதிலேயே போய் நிற்கும். கண் என்று நினைத்ததும் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், சொட்டு மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டீரிங்குக்குத் திரும்பியது. "என்னண்ணே, தூசியா?" என்று இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஜெயபால் கேட்டான். "ஆமா, தூசி." ஒரு வருடமாகத் தூசிதான். இந்த ரோட்டில் எத்தனை தூசி இருந்தாலும் ஒரு மனிதன் கண்ணில் மட்டும் இப்படிக் குறி பார்த்து விழுமா என்று இந்தப் பயலுக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றாது. அண்ணன் சொன்னால் சரி. அண்ணன் இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் அவன். வீட்டில் பெண்டாட்டி காந்திமதிக்காவது தோன்றியிருக்கிறது. போன வாரம் வலது பக்கம் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பைக் கையால் தட்டிவிட்டபோது, "கவனம் எங்க இருக்கு உங்களுக்கு, யார நெனச்சுக்கிட்டு சாப்புடுறீங்க?" என்று கேலி செய்தாள். கேலிதான் செய்தாள், ஆனால் தரையைத் துடைத்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடுவாள். அவள் செய்யக்கூடியவள்தான்.

முதலில் அது புகை மாதிரிதான் இருந்தது, யாரோ வலது பக்கம் குப்பை கொளுத்துகிற மாதிரி. புகை தாண்டிவிடும் என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தார், தாண்டவே இல்லை. துறையூரில் காட்டினால் ஊருக்கே தெரியும், திருச்சியில் காட்டினால் பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரியும் என்று நாமக்கல் போய்க் காட்டினார். டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், சொட்டு மருந்தை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "விவசாயம்ங்க" என்று சொன்னார் பெரியண்ணன். ஒரு சென்ட் நிலம் கிடையாது. வாயில் அதுதான் வந்தது. அந்த அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டே, "நல்ல வேளை. டிரைவர் வேலைன்னா உடனே விட்டுறச் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த நல்ல வேளையோடுதான் ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டு என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து அடுத்தவன் வண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? அதைவிடக் கேவலம் உண்டா? முதல் மாதம் கழுத்தைத் திருப்பித் திருப்பி இடது கண்ணால் வெளிக் கண்ணாடியைப் பார்த்தார். திரும்புகிற நேரத்தில் முன்னால் ரோடு போய்விடும். இரண்டு தடவை முன்னால் போன வண்டியில் இடிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முதலாளி எல்லா வண்டிக்கும் இந்தக் கேமராவை மாட்டினார். மற்ற டிரைவர்கள் ஒரே வாரத்தில் வயரைப் பிடுங்கிவிட்டார்கள், ரோட்டைப் பார்க்க எங்களுக்கு ட்யூஷன் வாத்தியாரா என்று. பெரியண்ணன் பிடுங்கவில்லை. மாட்ட வந்த கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்: மழையில் பார்க்குமா, லைட் போட்டு வந்தால் பார்க்குமா, தலைக்கு மேல் கூடை கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிறவனை வண்டி என்று அதற்குத் தெரியுமா. "எல்லாம் படம் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கோம்ங்க. உருவம் பெருசாயிக்கிட்டே வலது பக்கம் நகர்ந்தா, முந்த வருதுன்னு அது புரிஞ்சுக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, அந்தச் சின்னக் கண்ணாடிய மட்டும் தினமும் தொடைச்சு வைங்க. அதுக்குக் கண்ணு அதுதான்" என்றது அந்தப் பெண். அன்றைக்கு அந்தக் குழந்தையைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் ஏனென்று கேட்பாளே என்று பேசாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் பனியன் துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். முதலாளி அதைக் கேள்விப்பட்டு, "புதுசு வந்தா மதிக்கணும்யா, பெரியண்ணனப் பாத்துக் கத்துக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது கூசிப்போய்விட்டது. நான் மதிக்கவில்லை ஐயா, நான் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது.

இன்றைக்குத் துடைக்கவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. துடைக்காததற்குக் காரணம் இருக்கிறது, பூஜை போட்ட மறுநாள் வண்டியைத் துடைப்பார்களா யாராவது? வைத்த பொட்டை அழிப்பார்களா? தானாக உதிர்கிறவரை அப்படியே விடவேண்டும். எல்லா வருடமும் அப்படித்தான். நேற்று சாயங்காலம் ஷெட்டில் வண்டியைக் கழுவி நிறுத்தி, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஸ்டீரிங், கியர், ஹெட்லைட், நம்பர் பிளேட் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வைத்தது அவர்தான். அவர் வண்டிக்கு அவர்தான் வைப்பார், இன்னொருவன் கை படவிடமாட்டார். மாமியாருக்கும் ஒன்று வைத்தார். கடைசியில் ஏணி போட்டு ஏறி அந்தக் கேமராவுக்கு. அப்போது இருட்ட ஆரம்பித்திருந்தது, கீழே ஜெயபால் கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, "அண்ணே, அணையப்போவுது, வாங்க" என்று அவசரப்படுத்தினான். மற்றதற்கெல்லாம் ஒரு விரல் சந்தனம். இதற்கு மூன்று விரலால் வழித்து எடுத்து, காந்திமதி குளிப்பாட்டிக் கொடுத்த காலத்தில் மகள் நெற்றியில் வைத்த மாதிரி, பெட்டியின் நெற்றியில் வைத்தார். கண்ணாடிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக இடம் இருக்கிறது, அதில்தான். மனசுக்குள், நீதான் சாமி எனக்கு என்றும் சொன்னார். கண்கூட லேசாகக் கலங்கிவிட்டது. நெற்றியில்தானே வைத்தோம்? நெற்றியில்தான். சரியாகத்தான் வைத்தோம். இந்த ஒரு வருடமாக டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறோம், சட்டைப் பொத்தானுக்குத் துளையைத் தேடுகிறோம், ஒற்றைக் கண்ணுக்குத் தூரமும் பக்கமும் சரியாகப் பிடிபடுவதில்லை, அதெல்லாம் உண்மை. ஆனாலும் நெற்றியில்தான் வைத்தோம். பச்சை விளக்கு எரிகிறதே. கெட்டிருந்தால் பச்சை எரியுமா? வலது பக்கம் கழுத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கலாமா என்று நினைத்தார். ஜெயபால் எதிரே உட்கார்ந்திருக்கிறான். என்னண்ணே அங்கேயே பார்க்கிறீங்க என்பான். அவ்வளவுதான், ஒரு தடவை கேட்டுவிட்டான் என்றால் அப்புறம் கவனிக்க ஆரம்பித்துவிடுவான். புகைக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அது கேமராதான், வேறு என்ன.

வெள்ளைக் காருக்குப் பின்னால் இப்போது ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் போனது. இதுவும் கிளை ரோடா? எத்தனை கிளை ரோடுதான் இருக்கிறது இந்த ஊரில்? பாட்டுச் சத்தத்தில் மாமியார் கத்தியது கேட்கவில்லையோ என்னவோ, திருநாள் என்று ஜெயபால் ஸ்பீக்கரை வைத்து அலறவிட்டிருக்கிறான். "ஏன்டா, மாமியார் கத்துச்சா இப்ப?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "இல்லையேண்ணே. இன்னிக்கு அதுக்கும் லீவு போல, மருமக வீட்டுக்குப் போயிருக்கு" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். புலிவலத்தில் நிறுத்தும்போது இறங்கிப் பார்த்துவிடவேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் கொஞ்சம் நிம்மதி. புலிவலம் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், பட்டுப்பாவாடைக் குழந்தைகளும் தாம்பாளமுமாக ஒரு கூட்டம் ஏறியது, பின்னாலேயே அடுத்த கம்பெனி பஸ் வந்து ஹாரனை அழுத்தியது, ஜெயபால் விசிலடித்தான். கை கியரைப் போட்டுவிட்டது. பார்க்காமலேயே கிளம்பிவிட்டோமே என்று நாலு கட்டிடம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. பயந்துதான் இறங்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. இறங்கிப் பார்த்து, அது நன்றாக இல்லை என்று தெரிந்துவிட்டால்? தெரிந்தபிறகு மண்ணச்சநல்லூர் வரைக்கும் எப்படி ஓட்டுவது? தெரியாமல் இருக்கிற வரைக்கும் ஓட்டலாம். என்ன புத்தி இது, பஸ் நிறைய உயிர் உட்கார்ந்திருக்கிறது, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டது, என்னை நம்பித்தானே மூடியிருக்கிறது. என்னையா நம்பியிருக்கிறது? நான் யாரை நம்பியிருக்கிறேன்? திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்ந்ததும் பார்த்துவிடலாம். போய்ச் சேரட்டும். வலது பக்கம் புகை, புகைக்குள் ரோடு, ரோட்டில் யாரும் இல்லை. யாராவது இருந்தால் சொல்லியிருக்குமே. சொல்லவில்லை. யாரும் இல்லை.

வளைவு தாண்டியதும் இடது பக்கம் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். மஞ்சளாக நீளமாக, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்து. இந்தப் பருவத்தில் இந்த ரோடு முழுக்க இதேதான், அரசாங்கம் ரோடு போட்டுக் கொடுத்தது சோளம் காயவைக்கத்தான் என்று ஜெயபால் சொல்லுவான். கல்லின் மேல் ஏற்றமுடியாது, வலது பக்கம் ஒதுங்கித்தான் போகவேண்டும். எதிரே வண்டி இல்லை. பெரியண்ணன் பெட்டியைப் பார்த்தார். பச்சை. காதைத் தீட்டிக் கேட்டார். சத்தம் இல்லை. ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தார். பாட்டுக்கு நடுவே, மெலிசாக, ஒரு பைக் ஹாரன் விடாமல் அடிப்பது கேட்டது, அது பின்னால் எங்கோ தூரத்தில் என்று நினைத்த அதே நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே, மிகப் பக்கத்தில், ஒரு பெண்ணின் குரல் அலறியது. கை ஸ்டீரிங்கை இடது பக்கம் இழுத்தது, கால் பிரேக்கில் முழுசாக இறங்கியது. பஸ் குலுங்கி, சோளத்தை அரைத்துக்கொண்டு, கல்லெல்லாம் தெறிக்க நின்றது. உள்ளே தாம்பாளம் விழுந்து உருண்டது. பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. அந்த அலறல் நின்றுவிட்டது, ஏன் நின்றது, ஏன் நின்றது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை அவருக்கு. பிறகு ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகிறது, உயிர் இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு எப்படிக் குதித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

பைக் வலது ஓரத்து மண்ணில் சரிந்து கிடந்தது. புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயசுகூட ஆகாத ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் எழுத்து ஆரம்பித்துவைக்கக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். குழந்தை கையில் புது சிலேட்டு, அதில் பாதிதான் மிச்சம் இருந்தது. அம்மாவுக்கு முழங்கை சிராய்ந்து ரத்தம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, மண்தான் ஒட்டியிருந்தது. அந்த ஆள் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"யோவ், எவ்ளோ நேரமா ஹாரன் அடிக்கிறேன்! கண்ணு தெரியுதா இல்லையாய்யா உனக்கு?"

ஜெயபால் குறுக்கே பாய்ந்தான். "ஏய், மரியாதையா பேசு. யாருன்னு நெனச்ச? ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல எங்கண்ணன். சோளம் கெடக்கறது தெரியுதுல்ல, அந்த எடத்துல வந்து ஓவர்டேக் பண்றே?"

"பொம்பளப் புள்ளைய வெச்சுக்கிட்டு என்னய்யா அவ்ளோ அவசரம்?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கேட்டார். இன்னும் இரண்டு பேர் இறங்கி டிரைவர் பக்கம் நின்றுகொண்டார்கள். அந்த ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

பெரியண்ணன் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸின் வலது பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்து, இடது கண்ணால் மேலே பார்த்தார். கேமராவின் நெற்றி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் கட்டை விரல் பருமனுக்குச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம். நெற்றி என்று நினைத்துக் கண்ணில் வைத்திருந்தார்.

ஜெயபாலும் பார்த்துவிட்டான். "அடப்பாவி! மாமியார் கண்ணுலயே பொட்ட வெச்சிருக்கு! அதான் காலையிலேர்ந்து கத்தல. இருங்கண்ணே." சக்கரத்தில் கால் வைத்து ஏறி, துண்டை எச்சில் தொட்டுத் தேய்த்தான். ஒரு லாரி பின்னாலிருந்து வந்து ஒதுங்கிப் போனது. பஸ்ஸுக்குள் மாமியார் கீ கீ என்று கத்தியது. "ஆச்சு! மிஷின் கோளாறுங்க, வேற ஒண்ணுமில்ல. ஏறுங்க எல்லாரும், நேரமாவுது. அண்ணே, ஏறுங்கண்ணே." எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. பொட்டுதான் காரணம். யார் மேலும் தப்பில்லை. அந்த ஆளும்கூடப் பைக்கைத் தூக்கத் திரும்பிவிட்டான். இப்போது ஏறி உட்கார்ந்தால் போதும். இனிமேல் துடைத்துவிட்டு ஏறலாம். அடுத்த வருடம் பார்த்து வைக்கலாம். கத்துகிறது, கேட்கிறது, பழையபடி ஓட்டலாம். ஏறச் சொல்லிச் சாத்திவைத்த ஏணி மாதிரி எல்லாம் தயாராக நின்றது.

"தெரியலப்பா" என்றார் பெரியண்ணன்.

அந்த ஆள் திரும்பினான். "என்ன?"

"கண்ணு தெரியுதான்னு கேட்டீல்ல. வலது கண்ணு தெரியல. ஒரு வருசமா."

"அண்ணே, சும்மா இருங்க" என்று ஜெயபால் பதறிக் கையைப் பிடித்தான். "அதான் சரியாயிருச்சுல்ல. வெளையாடாதீங்கண்ணே."

"அதுக்குச் சரியாயிருச்சுடா. எனக்கு ஆவாது." டிரைவர் கதவு வழியாகக் கை நீட்டிச் சாவியை உருவி, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "முதலாளிக்குப் போன் போடு. வேற ஆளு வரச் சொல்லு. அதுவரைக்கும் எல்லாரும் நெழல்ல உக்காரட்டும்."

தாம்பாளத்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. அவர் போய்ப் பைக்கின் பின்பக்கத்தைப் பிடித்தார், அந்த ஆள் ஹாண்டில்பாரைப் பிடித்தான், இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, உடைந்த சிலேட்டை மார்பில் அணைத்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டது.

பெரியண்ணன் குனிந்து தொட்டுக் காட்டினார்.